அகழிப் போரை வியூக கேமில் நிஜமாகக் கொண்டுவருவது எப்படி: முழுமையான வழிகாட்டி

பெரும்பாலான வியூக கேம்களில் அகழி (வீரர்கள் மறைந்திருந்து சுடத் தோண்டும் நீண்ட பள்ளம்) என்பது வெறும் ஒரு எண். யூனிட் (படைப்பிரிவு) அசையாமல் நின்றால் டர்னுக்கு டர்ன் (ஆட்டத்தின் ஒவ்வொரு சுற்றுக்கும்) பாதுகாப்பு ஏறும். சில டர்ன்களில் 50 சதவீதமோ 100 சதவீதமோ கூடுதல் பலம் வந்துவிடும். இந்த விதியோடு முதல் உலகப் போரை ஆடிப் பாருங்கள். எண் பெரிதாக இருந்தால் யாரும் தாக்கவே மாட்டார்கள். சிறிதாக இருந்தால், ஒரே இடத்தில் படையைக் குவிப்பவர் எதிரி வரிசையை உடைத்துக்கொண்டு நாலைந்து டர்னில் தலைநகர் வாசலில் நிற்பார். 1914 கடைசியிலிருந்து 1918 வரை பிரான்ஸ், பெல்ஜியம் வழியாக ஓடிய மேற்குப் போர்முனையில் இந்த இரண்டும் நடக்கவில்லை.

தாக்கியவர்கள் எதிரியின் முதல் அகழியைப் பலமுறை பிடித்தார்கள். 1915 மார்ச் 10 அன்று பிரான்சின் நெவ் ஷப்பெலில் 35 நிமிடக் குண்டுவீச்சுக்குப் பிறகு பிரிட்டிஷ் காலாட்படை காலையிலேயே ஊருக்குள் நுழைந்துவிட்டது. 1917 நவம்பர் 20 அன்று கம்ப்ரேயில் ஒரே நாளில் 7, 8 கிலோமீட்டர் முன்னேறினார்கள். 1918 மார்ச்சில் ஜெர்மானியர்கள் இரண்டே வாரத்தில் சில இடங்களில் 60 கிலோமீட்டருக்கு மேல் போனார்கள். மூன்றும் நின்றுபோயின. காரணம் ஒன்றுதான்: ஓட்டை போட்டவன் அதைப் பெரிதாக்க எடுக்கும் நேரத்தைவிட, எதிரி அதை அடைக்க எடுக்கும் நேரம் குறைவு.

ஆகவே அகழிக்குப் பலம் கூட்டாதீர்கள். நேரத்தைக் கணக்கிடுங்கள். கீழே வரும் ஒவ்வொரு விதியும் கடைசியில் நிமிடமாகவோ மணியாகவோதான் முடியும். வரலாற்றுச் செய்தி அல்லாத எண்களை விதிக்கான தொடக்க மதிப்புகளாக எடுத்துக்கொள்ளுங்கள். அவற்றைச் சோதித்துத் திருத்தும் முறை கடைசிப் படியில் இருக்கிறது.

படி 1: அளவைத் தீர்மானியுங்கள்

ஒரு ஹெக்ஸ் (மேப்பின் அறுகோணக் கட்டம்) 1 கிலோமீட்டர். சண்டை நாளில் ஒரு டர்ன் 2 மணி நேரம். அமைதியான நாட்களில் ஒரு டர்ன் ஒரு முழு நாள். அடிப்படை யூனிட் பட்டாலியன் (சில நூறு முதல் ஆயிரம் பேர்), பீரங்கிக்கு பேட்டரி (சில பீரங்கிகள் கொண்ட குழு). மேப் 30க்கு 25 கிலோமீட்டர் இருந்தால் ஒரு பெரிய தாக்குதல் அதில் அடங்கும்.

பிரிட்டிஷ் 18 பவுண்டர் பீரங்கியின் எட்டும் தூரம் அப்போது ஏறக்குறைய 6 கிலோமீட்டர். அந்த 6 கிலோமீட்டர்தான் ஒவ்வொரு தாக்குதலின் எல்லையையும் வரைந்தது. 10 கிலோமீட்டர் ஹெக்ஸில் அது கண்ணுக்கே தெரியாது.

உங்கள் கேம் ஐரோப்பா முழுவதையும் காட்டும் அளவு பெரியது என்றால், ஹெக்ஸுக்குள் நடக்கும் தாக்குதலுக்கு இரண்டு கடிகாரங்களை மட்டும் கணக்கிடுங்கள்: தாக்குபவரின் பீரங்கியும் சேமப்படையும் (பின்னால் காத்திருக்கும் படை) புதிய இடத்துக்கு வந்து சேர எத்தனை மணி, பாதுகாப்பவரின் சேமப்படை வந்து சேர எத்தனை மணி. முதலாவது பெரிதாக இருக்கும்வரை எல்லை நகரக் கூடாது. இரு பக்கமும் ஆள் சேதம் மட்டுமே நடக்க வேண்டும்.

படி 2: மண், அகழி, முள்கம்பி

அகழியை ஹெக்ஸுக்கு உள்ளே வைக்காதீர்கள். ஹெக்ஸின் விளிம்பில் வையுங்கள். அகழிக்கு முகம் உண்டு. எதிரியைப் பார்த்த பக்கத்தில்தான் மண்மேடும், ஏறி நின்று சுடும் படியும் இருக்கும். பிடித்த அகழியில் இவை எல்லாம் தப்பான பக்கத்தில் இருக்கும். அங்கிருந்து பின்னால் போகும் இணைப்பு அகழிகளும் எதிரியின் பக்கமே போகும். எதிர்த்தாக்குதல் அந்த வழியாகவே கையெறி குண்டோடு வரும். அந்த அகழியின் இடம் எதிரிப் பீரங்கிக்கு மீட்டர் கணக்கில் தெரியும். ஆகவே பிடித்த அகழியைத் திருப்பிக் கட்ட 2 டர்ன் வையுங்கள். அதுவரை அங்கே இருப்பவருக்குப் பாதிப் பாதுகாப்பு. எதிரிக் குண்டுவீச்சின் துல்லியம் முழுசாக இருக்கட்டும்.

ஒவ்வொரு விளிம்புக்கும் ஹெக்ஸுக்கும் சேமிக்க வேண்டியவை: அகழி நிலை 0 முதல் 5 வரை, முகம், முள்கம்பி 0 முதல் 100, பதுங்குகுழியின் ஆழமும் கொள்ளளவும், குண்டுக்குழி அளவு 0 முதல் 100, மண் வகை, ஈரம்.

தோண்டும் நேரத்தை ஊகிக்க வேண்டாம், கணக்குப் போடலாம். சாதாரண மண்ணில் ஒரு ஆள் மணிக்குச் சுமார் அரை கன மீட்டர் தோண்டுவான் என்று வைத்துக்கொள்ளுங்கள். 2 மீட்டர் ஆழம், சராசரி 1.2 மீட்டர் அகலம் என்றால் ஒரு மீட்டர் நீளத்துக்கு 2.4 கன மீட்டர். அகழி நேர்கோட்டில் ஓடாது. ஒரே குண்டு நெடுக அழிக்காமலும், ஒரு முனையில் ஏறிய எதிரி மறுமுனை வரை சுடாமலும் இருக்க மடிப்பு மடிப்பாக வெட்டுவார்கள். அதனால் 1 கிலோமீட்டர் போர்முனைக்கு 1.4 கிலோமீட்டர் அகழி. மொத்தம் 3,360 கன மீட்டர், அதாவது 6,720 ஆள்மணி. 600 பேர் வேலை செய்தால் 11 மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல். எதிரி பார்வையில் இருக்கும் இடத்தில் இரவில் மட்டும்தான் வேலை நடக்கும். இரவுக்கு 6 மணி என்றால் இரண்டு இரவு. இது வெறும் பள்ளம்தான். சுவர் சரியாமல் தாங்கு வைப்பது, தரையில் பலகை, முள்கம்பி, இணைப்பு அகழி, இரண்டாம் வரிசை என்று சேரும்போது வாரங்கள் ஆகும். நிலை 2க்குப் பிறகு ஒவ்வொரு நிலைக்கும் நேரத்தை இரட்டிப்பாக்கினால் சரியாக வரும்.

மண் வகையை அலட்சியம் செய்யாதீர்கள். பிரான்சின் சோம் பகுதியின் சுண்ணாம்பு மண்ணில் ஜெர்மானியர்கள் 9, 10 மீட்டர் ஆழத்தில் பதுங்குகுழி வெட்டினார்கள். ஏழு நாள் குண்டுவீச்சை அது தாங்கியது. பெல்ஜியத்தின் ஃபிளாண்டர்ஸ் களிமண்ணில் கொஞ்சம் தோண்டினாலே தண்ணீர் ஊறும். அங்கே மணல் மூட்டையைத் தரைக்கு மேல் அடுக்கியும், பிற்பாடு கான்கிரீட் அரண் கட்டியும்தான் சமாளித்தார்கள். கேமில்: சுண்ணாம்பில் ஆழ வரம்பு 10 மீட்டர், களிமண்ணில் 1 மீட்டர், களிமண்ணில் கான்கிரீட் அரண் தனிக் கட்டுமானம், அதற்கு ரயில் சரக்கு தேவை.

படி 3: பீரங்கியின் வேலையை மூன்றாகப் பிரியுங்கள்

அழிப்பது, ஒடுக்குவது, எதிரியின் துணைப்படை வரும் வழியை அடைப்பது. மூன்றும் வெவ்வேறு கணக்கு. பல கேம்கள் முதலாவதை மட்டும் வைத்துக்கொண்டு மற்ற இரண்டையும் மறந்துவிடுகின்றன. இந்தப் போரில் ஆள் சேதத்தில் பாதிக்கு மேல் பீரங்கியால்தான் என்றாலும், ஒரு குறிப்பிட்ட அகழியை ஒரு குறிப்பிட்ட காலை நேரத்தில் காலி செய்ய அழிப்பு போதாது. தேவைப்பட்டது ஒடுக்கம்: எதிரி தலையைத் தூக்காமல் சில நிமிடங்கள் வைத்திருப்பது.

அழிப்புக்கு, போர் இழப்பைக் கணிதமாக்கிய பிரிட்டிஷ் பொறியாளர் லான்செஸ்டரின் நேர்விதி பொருந்தும். குறிபார்த்துச் சுடும் ஆயுதத்துக்குத்தான் அவருடைய வர்க்க விதி. பரப்பின் மேல் கொட்டும் குண்டுக்கு இழப்பு என்பது குண்டு எண்ணிக்கை × ஆள் அடர்த்தி × திறந்திருக்கும் அளவு. கடைசி மதிப்பை வெட்டவெளியில் 1.0, அகழியில் 0.2, ஆழமான பதுங்குகுழியில் 0.03 என்று தொடங்குங்கள். முன் அகழியில் 800 பேரை அடைத்தால் 200 பேரை வைப்பதைப் போல நான்கு மடங்கு இழப்பு. இந்த ஒரு சூத்திரம் இருந்தால், முன்வரிசையை மெலிதாக்கி ஆளைப் பின்னால் வைக்கும் ஆழப் பாதுகாப்பை ஆட்டக்காரர்களே கண்டுபிடிப்பார்கள். ஜெர்மன் படை 1916-17 குளிர்காலத்தில் அந்த முடிவுக்கு வந்ததும் இதே இழப்புகளால்தான்.

குண்டு அடர்த்தியைக் கணக்கிடும்போது முனையின் நீளத்தால் வகுக்காதீர்கள். தாக்கப்படும் எல்லா அகழி வரிசைகளின் மொத்த நீளத்தால் வகுங்கள். சோமில் 1916 ஜூலை 1க்கு முந்தைய வாரத்தில் சுமார் 1,500 பீரங்கிகள் 15 லட்சத்துக்கு மேல் குண்டு வீசின. கேட்க மலைப்பாக இருக்கும். ஆனால் அது 20 கிலோமீட்டருக்கு மேற்பட்ட முனையில், ஒன்றன்பின் ஒன்றாக இருந்த பல வரிசைகளின் மேல் சிதறியது.

முள்கம்பியை அறுப்பது தனிக் கணக்கு. சாதாரணக் குண்டு மண்ணுக்குள் புதைந்த பிறகே வெடிக்கும். கம்பியைத் தூக்கிப் போடும், அறுக்காது. தொட்டவுடன் வெடிக்கும் 106 எண் ஃபியூஸ் (குண்டை வெடிக்கவைக்கும் பிரிட்டிஷ் கருவி) 1917இல் பரவலாக வந்த பிறகுதான் கம்பி சீக்கிரம் அறுந்தது, குழியும் குறைந்தது. இந்தத் தொழில்நுட்பத்துக்கு உங்கள் ஆராய்ச்சி மரத்தில் தாராளமாக இடம் கொடுங்கள்.

படி 4: அகழி விளிம்புக்கு ஓட்டம்

தாக்குதலின் தலைவிதி இங்கேதான் முடிவாகிறது. மீதி எல்லா விதிகளையும் சுருக்கினாலும் இதைச் சுருக்காதீர்கள்.

குண்டுத்திரை (தாக்குபவருக்கு முன்னால் பீரங்கிகள் வரிசையாகக் கொட்டும் குண்டு மழை) முன் அகழியை விட்டு நகர்ந்த நொடியில் இரண்டு பேர் ஓடத் தொடங்குகிறார்கள். ஒருவர் வெட்டவெளியைக் கடந்து வரும் தாக்குபவர். இன்னொருவர் பதுங்குகுழியின் படியேறி மேலே வரும் இயந்திரத் துப்பாக்கிக் குழு. ஜெர்மானியரின் எம்ஜி 08 இயந்திரத் துப்பாக்கி தன் தாங்கியோடு 60 கிலோவுக்கு மேல் எடை. யார் முதலில் அகழி விளிம்பைத் தொடுகிறார்?

தாக்குபவரின் நேரம் = குண்டுத்திரை விலகும்போது இருக்கும் தூரம் ÷ வேகம். சுமையோடு கரடுமுரடான நிலத்தில் நிமிடத்துக்கு 50 மீட்டர். அறுபடாத முள்கம்பி இருந்தால் 5 நிமிடம் கூட்டுங்கள்.

பாதுகாப்பவரின் நேரம் = உணர ஆகும் அரை நிமிடம் + ஆழம் மீட்டருக்கு கால் நிமிடம். 10 மீட்டர் ஆழத்துக்கு 3 நிமிடம். வாசல் இடிந்திருந்தால் இரட்டிப்பு.

எண்களைப் போட்டுப் பாருங்கள். இரு அகழிகளுக்கும் இடையே 300 மீட்டர். படை தன் அகழியில் இருக்கும்போதே குண்டுத்திரை விலகிவிட்டது. வந்து சேர 6 நிமிடம், எதிரி மேலே வர 3 நிமிடம். மீதி 3 நிமிடம் எதிரிக்குக் கிடைக்கிறது. பிழைத்த இரண்டு இயந்திரத் துப்பாக்கிகள் பக்கவாட்டிலிருந்து சுடுகின்றன. ஒரு துப்பாக்கி ஒரு நிமிடத்துக்கு பட்டாலியனின் 6 சதவீதத்தை எடுக்கும் என்று வைத்தால் 36 சதவீதம் போய்விட்டது. கம்பி அறுபடவில்லை என்றால் 3 நிமிடம் 8 ஆகிறது. கணக்கு 96 சதவீதத்தைக் காட்டும். அதற்கு வெகு முன்பே, 40 சதவீதத்தைத் தாண்டியதும், தாக்குதல் உடைந்து மிஞ்சியவர்கள் குண்டுக்குழிகளில் படுத்துவிடுவார்கள் என்று விதி வையுங்கள். 1916 ஜூலை 1 அன்று ஒரே நாளில் பிரிட்டிஷ் இழப்பு 57,470. அதில் இறந்தவர்கள் 19,240. அந்த நாளின் பல இடங்களை இந்த மூன்று, நான்கு எண்கள் விளக்கிவிடும்.

இப்போது அதே இடத்தில் நகரும் குண்டுத்திரையைப் போடுங்கள். படை திரைக்கு 50 மீட்டர் பின்னால் ஒட்டி வருகிறது. திரை எதிரி அகழியைத் தாண்டியதும் ஒரே நிமிடத்தில் உள்ளே குதிக்கிறது. எதிரி இன்னும் படிக்கட்டில் இருக்கிறான். பதுங்குகுழியோடு பிடிபடுகிறான், இழப்பு சொற்பம். அதே ஆட்கள், அதே அகழி. மாறியது ஐந்து நிமிடம்.

மீதி நேரம் பூஜ்யத்துக்குக் கீழே போனால் பாதுகாப்பவர் சிறைபிடிக்கப்படுவார். பூஜ்யம் முதல் 1 வரை கைகலப்பு, இருவருக்கும் சம வாய்ப்பு. அதற்கு மேல் நிமிடக் கணக்கில் இழப்பு. நேருக்கு நேர் சுட்டால் பக்கவாட்டுச் சூட்டில் பாதி இழப்பு. பக்கத்து ஹெக்ஸின் துப்பாக்கிகளையும் பக்கவாட்டாகச் சேருங்கள். குறுகிய முனையில் தாக்குவது ஏன் ஆபத்து என்பது அப்போது தானாகப் புரியும்.

திரையின் வேகத்தை ஆட்டக்காரரே முன்கூட்டிக் குறிக்கட்டும். 90 மீட்டருக்கு 3, 4 நிமிடம் என்பது வழக்கமான வேகம். சேற்றில் 8 நிமிடம் வரை தேவைப்படும். வேகமாக வைத்தால் படை பின்தங்கித் திரையை இழக்கும். மெதுவாக வைத்தால் தன் குண்டே தன் ஆள் மேல் விழும், பின்வரிசைக்கும் அவகாசம் கிடைக்கும். இரவில் முன்னோக்கிச் சிற்றகழி வெட்டித் தூரத்தைக் குறைக்கவும் வசதி கொடுங்கள். 1916 ஜூனில் ரஷ்யத் தளபதி புருசிலோவின் படைகள் எதிரிக்கு 100 மீட்டர் அளவு நெருங்கித் தோண்டிவிட்டுத்தான் தாக்கின.

படி 5: குண்டுக்குழி

ஒவ்வொரு குண்டுவீச்சும் குண்டுக்குழி அளவை ஏற்றட்டும். காலாட்படைக்கு அது கொஞ்சம் மறைவு. பீரங்கிக்கும் வண்டிக்கும் அது சுவர். 60க்கு மேல் போனால் சாலை போடாமல் சக்கரம் உருளாது. களிமண்ணில் மழை பெய்தால் நகரும் செலவை மூன்று மடங்காக்குங்கள். 1917 ஜூலை 31 முதல் நவம்பர் 10 வரை பெல்ஜியத்தில் நடந்த மூன்றாம் ஈப்பர் சண்டையில், குண்டுவீச்சு வடிகாலை அழித்ததும் மழையும் சேர்ந்துதான் பாஷன்டேல் கிராமத்துப் பக்கத்துச் சேற்றை உண்டாக்கின. பலமாகக் குண்டு வீச வீசத் தன் பீரங்கிக்கே வழி அடைபடும் என்ற இந்தச் சங்கடம் ஆட்டக்காரர் கையில் இருக்க வேண்டும்.

படி 6: செய்தி போய்ச் சேரும் நேரம்

கையில் தூக்கிச் செல்லும் வானொலி அப்போது இல்லை. தன் பக்கத்தில் தரைக்குக் கீழே 2 மீட்டர் அளவில் புதைத்த தொலைபேசிக் கம்பி இருக்கும். அகழியைத் தாண்டியதும் மிஞ்சுவது ஓடிச் செல்லும் தூதுவன், புறா, வண்ண வெளிச்சம், ஊடே ஊடே அறுந்து போகும் தரைக்கம்பி.

விதி இதுதான். புதைத்த கம்பி: 10 நிமிடம். குண்டு விழும் பகுதியில் தூதுவன்: கிலோமீட்டருக்கு 40 நிமிடம், கிலோமீட்டருக்கு நாலில் ஒரு பங்கு வாய்ப்பில் வராமலே போவான். தரைக்கம்பி: குண்டுவீச்சு நடக்கும் ஒவ்வொரு டர்னும் ஐந்தில் நான்கு வாய்ப்பில் அறும்.

படையின் படிநிலை, சிறியதிலிருந்து பெரியதாக: கம்பெனி, பட்டாலியன், பிரிகேடு, டிவிஷன். “எதிரே இரண்டாம் வரிசை காலி” என்று ஒரு கம்பெனி 8 மணிக்குப் பார்க்கிறது. பட்டாலியனுக்கு 8:40. அங்கிருந்து பிரிகேடுக்கு 9:20. கம்பியில் டிவிஷனுக்கு 9:30; யோசித்து முடிவெடுக்க அரை மணி. உத்தரவு திரும்பி அதே வழியில் இறங்கிக் கம்பெனிக்கு வரும்போது 11:30. இரண்டு டர்ன் போய்விட்டது. காலியாக இருந்த வரிசையில் ஆள் வந்துவிட்டார்கள். நெவ் ஷப்பெலில் பிற்பகல் வீணானதும் இப்படி உத்தரவுக்குக் காத்திருந்ததால்தான்.

இந்த விதியின் பெரிய பலம், இரு தரப்புக்கும் ஒரே விதியை வைத்தாலே சமமின்மை தானாக வந்துவிடும். தாக்குபவர் முன்னேற முன்னேறத் தன் கம்பியை விட்டு விலகுகிறார். பாதுகாப்பவர் பின்வாங்கப் பின்வாங்கத் தன் கம்பியை நோக்கி வருகிறார்.

திரையில் எதிரி மட்டும் அல்ல, தன் யூனிட்டும் கடைசியாகச் செய்தி வந்த இடத்தில் மங்கலாக, நேர முத்திரையோடு தெரியட்டும். ஆட்டக்காரர் எரிச்சல் அடையாமல் இருக்க முன்னேற்பாட்டு உத்தரவு வசதி வேண்டும்: “9 மணிக்குள் இலக்கு பிடிபட்டால் சேமப்படை போகட்டும், இல்லாவிட்டால் இடப்பக்கம் திரும்பட்டும்.” தலைமையகத்தின் தரத்துக்கேற்ப ஒரு டிவிஷனுக்கு 3 முதல் 8 நிபந்தனைகள் வரை போதும். இதனால் திட்டமிடும் கட்டம் கேமின் மிகச் சுவையான பகுதியாக மாறும். குண்டுவீச்சு அட்டவணையும் இதே மாதிரிதான்: தாக்குதல் தொடங்கிய பிறகு மாற்றினால் அந்த மாற்றம் செய்தித் தாமதம் முடிந்தே நடப்புக்கு வரும்.

படி 7: சேமப்படையும் ரயிலும்

பாதுகாப்பவரின் உள்ளூர்ச் சேமப்படை 2 முதல் 4 கிலோமீட்டர் பின்னால், உடையாத தரையில், மணிக்கு 4 கிலோமீட்டர். ஒரே டர்னில் வந்துவிடும். தாக்குபவரின் சேமப்படை, எதிரிப் பீரங்கி குறிவைத்திருக்கும் குழி நிலத்தில், மணிக்கு 1 கிலோமீட்டர்.

ரயிலுக்கு எட்டும் தூரத்தைவிடக் கொள்ளளவு முக்கியம். ஒரு காலாட்படை டிவிஷனை முழுதாக நகர்த்த 40 முதல் 50 ரயில் தேவைப்படும். பாதையில் மணிக்கு 2 ரயில் போனால் ஒரு நாள். 3 ரயில் போனால் 16 மணி. 50 கிலோமீட்டரிலிருந்து வந்தாலும் 150 கிலோமீட்டரிலிருந்து வந்தாலும் பெரிய வித்தியாசம் இருக்காது. ஆகவே ரயில் பாதைக்கு மணிக்கு இத்தனை ரயில் என்ற எண்ணை ஒட்டுங்கள். சாலைக்கும் அப்படியே. 1916இல் பிரான்சின் கோட்டை நகரமான வெர்டனுக்கு உயிர்நாடியாக இருந்த பார்-லெ-டியுக் சாலையில் உச்ச நேரத்தில் 14 நொடிக்கு ஒரு வண்டி போனது. பழுதான லாரியை ஓரத்தில் தள்ளிவிட்டு வரிசையை நிற்காமல் நகர்த்தினார்கள். “சாலை இருக்கிறதா, இல்லையா” என்ற விதியால் இதைக் காட்ட முடியாது.

படி 8: பீரங்கி நகர்வு

பீரங்கி முன்வரிசைக்கு 2, 3 கிலோமீட்டர் பின்னால் நிற்கும். 6 கிலோமீட்டர் எட்டும் என்றால் எதிரி நிலத்துக்குள் 3, 4 கிலோமீட்டர் வரைதான் காலாட்படைக்குத் துணை. அதற்கு மேல் போனவர்கள் தனியாள். குழி அளவு 60க்கு மேல் உள்ள நிலத்தில் சாலை போட்டு ஒரு பேட்டரியை நகர்த்த 4 டர்ன், அதன் குண்டுக் கையிருப்பைக் கொண்டுவர இன்னும் ஒரு நாள் வையுங்கள். கனரகப் பீரங்கிக்கு இதில் மூன்று மடங்கு.

இதைச் சரியாக வைத்தால், 2 கிலோமீட்டர் கடித்து, நிறுத்தி, எதிர்த்தாக்குதலைப் பீரங்கியால் உடைத்து, பிறகு மீண்டும் கடிக்கும் முறையை ஆட்டக்காரர்கள் தாமாகவே கையாளத் தொடங்குவார்கள். அதற்கென்று தனி விதி எழுத வேண்டியதில்லை.

படி 9: ஆட்கள்

பலம், ஒழுங்கு, களைப்பு என்று மூன்று அளவுகள். களைப்பு முன்வரிசையில் அமைதி நாளுக்கு 8 ஏறட்டும், சண்டை நாளுக்கு 30; பின்னால் ஓய்வில் நாளுக்கு 10 இறங்கட்டும். நான்கு நாள் முன்னால், நான்கு நாள் பின்னால் என்று சுழற்றினால் தாங்கும். ஈரமான அகழியில் களைப்போடு கால் அழுகலும் ஏறும். வெர்டனில் பிரெஞ்சுத் தளபதி பெத்தான் டிவிஷன்களை அடிக்கடி மாற்றியதும் ஆள் முற்றிலும் நைந்துபோகும் முன் வெளியே எடுக்கத்தான்.

களைப்பு 70ஐத் தாண்டினால் யூனிட் ஓடிவிடக் கூடாது. தாக்கும் உத்தரவை மறுக்க வேண்டும்; தற்காப்புச் சண்டையை வழக்கம்போலச் செய்ய வேண்டும். 1917 ஏப்ரலில் தொடங்கிய, பிரெஞ்சுத் தலைமைத் தளபதி நிவேலின் தாக்குதல் பொய்த்த பிறகு பிரெஞ்சுப் படையின் ஏறக்குறைய பாதி டிவிஷன்களில் நடந்தது இதுதான். அகழியைக் காத்தார்கள், ஆனால் வீண் தாக்குதலுக்கு ஏற மறுத்தார்கள். மன உறுதி குறைந்தால் பின்வாங்கும் என்ற ஒற்றை விதி இந்த மனிதர்களுக்கு நியாயம் செய்யாது.

படி 10: புதிய ஆயுதங்கள்

எதற்கும் சதவீத போனஸ் வேண்டாம். ஒவ்வொன்றும் மேலே உள்ள எந்த நேரத்தைக் குறைக்கிறது என்று மட்டும் கேளுங்கள்.

டாங்கி முள்கம்பியின் 5 நிமிடத்தை அழிக்கிறது. ஆனால் அது நிற்காமல் பழுதாகும். கம்ப்ரேயில் இருந்த 476இல் சண்டை டாங்கிகள் 378. முதல் நாள் மாலைக்குள் 179 செயலிழந்தன. கிட்டத்தட்ட பாதி. சண்டை நாளுக்கு 5 டர்ன் என்றால், டர்னுக்கு 12 சதவீதம் பழுது என்று வைத்தால் இந்தக் கணக்கு வந்துவிடும். இரண்டாம் நாள் டாங்கியை நம்பித் திட்டம் போடுபவர் ஏமாந்து போவார், அப்படித்தான் இருக்க வேண்டும்.

சோதனைக் குண்டு வீசிப் பார்க்காமல் வரைபடக் கணக்கிலேயே குறிவைக்கும் பீரங்கிச் சூடு, எதிரிக்குக் கிடைக்கும் ஒரு வார முன்னறிவிப்பைப் பூஜ்யமாக்குகிறது. என் மதிப்பீட்டில் கம்ப்ரேயில் டாங்கிக்கு நிகரான பங்கு இதற்கு உண்டு. நச்சுவாயு, 1915 ஏப்ரல் 22 அன்று ஈப்பரில் ஜெர்மானியர் குளோரினை விட்டதிலிருந்து, காற்றின் திசைக்குக் கட்டுப்பட்டது. அதே ஆண்டு செப்டம்பரில் லூஸில் பிரிட்டிஷ் வாயு சில இடங்களில் அவர்கள் பக்கமே திரும்பியது. முகமூடி வந்த பிறகு அதன் முக்கிய வேலை எதிரிப் பீரங்கிக் குழுவை ஒடுக்குவதும் களைப்பை ஏற்றுவதும். சிறு குழுக்களாக ஊடுருவும் 1918 ஜெர்மன் முறை உத்தரவுத் தாமதத்தைக் குறைக்கிறது: அந்தக் குழுக்கள் மேலிடத்தைக் கேட்காமல் வலுவான இடத்தைச் சுற்றிப் போகலாம்.

சுரங்க வெடிக்கு மாதக் கணக்கில் தோண்டும் வேலை வையுங்கள். 1917 ஜூன் 7 அன்று மெசீனில் வெடித்த 19 சுரங்கங்களில் சில, ஓராண்டுக்கும் மேலாகத் தயாராக இருந்தவை.

படி 11: சோதனை

வரலாற்றின் நான்கு சண்டைகளை ஒரே எண்களில், கணினிக்கு எதிராகக் கணினியை விட்டு, ஒவ்வொன்றையும் 50 முறை ஓட்டுங்கள். சண்டைக்கு ஏற்ப எண்ணை மாற்றினால் அது மாதிரி ஆகாது.

நெவ் ஷப்பெல்: முதல் நாளில் ஊர் பிடிபட வேண்டும், மூன்று நாளுக்குள் 1 கிலோமீட்டரை ஒட்டி நின்றுவிட வேண்டும். சோம், ஜூலை 1: வடக்கே தோல்வி, தெற்கே மோன்டோபான், மாமெட்ஸ் பக்கம் வெற்றி, இரண்டும் ஒரே ஓட்டத்தில். கம்ப்ரே: முதல் நாள் 7, 8 கிலோமீட்டர், நவம்பர் 30 எதிர்த்தாக்குதலில் அதில் பெரும்பகுதி பறிபோக வேண்டும். 1918 மார்ச் 21: 6,600 பீரங்கிகள், 5 மணி நேரக் குண்டுவீச்சு, முனை உடைய வேண்டும், ஏப்ரல் முதல் வாரத்தில் களைப்பும் சரக்குத் தட்டுப்பாடும் நிறுத்த வேண்டும்.

தவறும்போது எங்கே பார்ப்பது? சோமின் வடக்கு அடிக்கடி பிடிபட்டால், பதுங்குகுழியிலிருந்து மேலே வரும் நேரத்தை நீளமாக வைத்திருக்கிறீர்கள் அல்லது குண்டு அடர்த்தியை ஒரே வரிசையால் வகுத்திருக்கிறீர்கள். தெற்கும் தோற்றால் எதிரி பீரங்கியை அடக்கும் கணக்கு பலவீனம். அந்தப் பக்கம் பிரெஞ்சுக் கனரகப் பீரங்கியின் துணை இருந்தது. நெவ் ஷப்பெலில் முன்னேற்றம் 4 கிலோமீட்டரைத் தொட்டால் செய்தித் தாமதம் வேலை செய்யவில்லை. பெரும்பாலும் கணினி ஆட்டக்காரர் மேப்பை நேரடியாகப் படித்துக்கொண்டிருப்பார், அவருக்கும் மங்கலான மேப்பையே கொடுங்கள். 1918 தாக்குதல் நிற்கவே இல்லை என்றால் பீரங்கி நகர்வுச் செலவு குறைவு. எல்லாச் சண்டையும் முதல் மணியிலேயே செத்துவிட்டால், எங்கோ பழைய பாதுகாப்பு போனஸ் இன்னும் ஒளிந்திருக்கிறது. முதலில் அதைத் தேடி நீக்குங்கள்.

இன்னொன்றையும் கட்டாயம் பாருங்கள். நிலத்துக்கு ஹெக்ஸ் கணக்கில் வெற்றிப் புள்ளி கொடுத்தால், கணினி ஓரடி மண்ணையும் விடாது. 1917 பிப்ரவரி-மார்ச்சில் ஜெர்மானியர்கள் தாமாகவே, பின்னால் முன்கூட்டியே கட்டிவைத்த ஹிண்டன்பர்க் வரிசைக்குப் பின்வாங்கி, முனையை 40 கிலோமீட்டர் அளவு சுருக்கி, 13 டிவிஷனை மிச்சம் பிடித்தார்கள். அந்த முடிவை உங்கள் கேமில் யாராவது எடுப்பார்களா என்று 50 ஓட்டங்களில் தேடுங்கள். ஒருமுறைகூட எடுக்கவில்லை என்றால், புள்ளியை நிலத்திலிருந்து எடுத்து ரயில் சந்திப்பு, நிலக்கரிப் பகுதி, மிஞ்சியிருக்கும் படைபலம் ஆகியவற்றுக்கு மாற்றிவிட்டு நான்கு சண்டைகளையும் மறுபடி ஓட்டுங்கள்.